கடல் பக்குவப்படுத்திய மது

கடல் கடந்து வாழும் மகனுக்கு ஊறுகாய் அனுப்பும் தாய், ஜாடியின் வாயைத் துணியால் இறுகக் கட்டுகிறாள். போய்ச் சேருமுன் கெட்டுவிடுமோ என்பதே அவள் கவலை. இதே கவலையோடுதான் ஐரோப்பியர் ஒரு காலத்தில் திராட்சை மதுவைக் கப்பலேற்றினர். மது நல்லதா தீயதா என்று ஆராய நான் இங்கு வரவில்லை, மாணவ நண்பர்களே. அந்தக் கவலைக்கு நேர்மாறாக நிகழ்ந்த விந்தை ஒன்றைச் சொல்லவே விழைகிறேன்.

அட்லாண்டிக் பெருங்கடலில், ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே, மதீரா என்னும் சிறு தீவு உளது. போர்த்துக்கீசியர் 1420-ஆம் ஆண்டையொட்டி அங்குக் குடியேறினர். இங்கிலாந்திலிருந்து சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் புறப்பட்ட கப்பல்கள் பல அத்தீவின் ஃபுன்ஷால் துறையில் தங்கி, நீரும் உணவும் மதுப்பீப்பாய்களும் ஏற்றிக்கொண்டன. 1768-இல் அங்குத் தங்கிய கேப்டன் குக் 3,000 காலனுக்கு மேல் மது வாங்கினார் என்றால், மாலுமிகளின் தாகத்தை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்!

நீண்ட பயணத்தில் மது புளித்துவிடாதிருக்க அதில் பிராந்தி கலந்தனர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்னை வந்து திரும்பும் கப்பல் நிலநடுக்கோட்டை நான்கு முறை கடக்கும். மாதக்கணக்கில் கப்பலின் அடித்தளத்தில் வெந்து, அலையில் குலுங்கிய பீப்பாயைத் திறந்தபோது, உள்ளிருந்தது கெடவில்லை; முன்னிலும் சுவை மிகுந்திருந்தது. பின்னர் இதற்கென்றே பீப்பாய்களை இந்தியாவுக்கு அனுப்பித் திருப்பி வரவழைத்தனர். ‘சுற்றி வந்த மது’ என்று போர்த்துக்கீசியர் அதற்குப் பெயரிட்டனர். இந்தியா போய் வந்தது என்ற சொல்லே அதன் விலையை உயர்த்திற்று. நம் கடற்கரையை எட்டிப் பார்த்ததற்கு அப்படி ஒரு மதிப்பு!

இத்தகைய மது வீட்டுச் செல்வமாகவே கருதப்பட்டது. மகன் பிறந்ததும் போர்ச்சுகலிலிருந்து வந்த போர்ட் மது ஒரு பெரும் பீப்பாய் வாங்கி, அவனுக்கு 21 வயது நிறையும்வரை நிலவறையில் காத்து வைப்பது இங்கிலாந்துச் செல்வர் வழக்கம். 1759-இல் புதுமணம் புரிந்த ஜார்ஜ் வாஷிங்டன், தம் இல்லத்திற்கு மதீராவின் சிறந்த பழைய மது ஒரு பீப்பாய் வேண்டுமென்று லண்டன் முகவருக்கு எழுதினார். அது திருடர் கைப்படாமல் வரவேண்டும் என்றும் அக்கடிதத்திலேயே எச்சரித்தார். அவர் அஞ்சியதில் வியப்பில்லை. மதுவை உறிஞ்சிவிட்டு, குறைந்த அளவுக்கு நீரை ஊற்றி வைக்கும் மாலுமிகள் அக்காலத்தில் இருந்தனர். கடலைவிட மனிதனே பீப்பாய்க்குப் பெரும் பகையாக இருந்தான் போலும்.

இம்மதுவை ஆக்கியவர்களின் வீட்டையும் பார்ப்போம். மதீராவின் செங்குத்தான மலைச்சரிவுகளில் பிறர் நிலத்தைப் பயிரிட்ட குடியானவர்கள், விளைவில் பாதியை நிலக்கிழாருக்கு அளந்தனர். பிழிந்த சாற்றை ஆட்டுத்தோற் பைகளில் நிரப்பி, முதுகில் சுமந்து துறைமுகத்துக்கு இறக்கினர். வண்டி செல்லும் பாதை அங்கு அரிது. அவர்கள் தோளில் இறங்கிய சாறுதான் கடல் கடந்து பிறர் பிள்ளைகளின் விருந்தை அடைந்தது.

1846-இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து தீவில் பஞ்சம் தோன்றிற்று. 1850-களின் தொடக்கத்தில் சாம்பல்நோய் திராட்சைக் கொடிகளை அழித்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் இந்தியக் கப்பல்கள் பல வேறு வழி சென்றன. 1872-இல் வேர்ப்பூச்சி வந்து எஞ்சிய கொடிகளையும் தின்றது.

மக்கள் தீவைவிட்டு வெளியேறுவது இவற்றுக்கு முன்னரே தொடங்கிவிட்டது. தென்னமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவில் கரும்புத் தோட்ட வேலைக்கென 1835-இல் முதல் 40 மதீராவினர் கரையிறங்கினர். பஞ்ச ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் குடும்பத்தைப் பிரிந்தும் குடும்பத்தோடும் அதே வழியில் சென்றனர். 1838-இல் கல்கத்தாவிலிருந்து இந்தியத் தொழிலாளர் அங்கு வந்தனர். 1845 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. அவற்றில் தமிழர் இருந்தனர். மதீராவினர் பலர் விரைவில் கரும்புத் தோட்டத்தை விட்டுச் சில்லறைக் கடை வைத்தனர். ரம் விற்ற கடைகளும் அவற்றில் இருந்தன. அந்தக் கடைகளின் வாயிலில் நம் மக்களும் அரிசிக்கும் உப்புக்கும் நின்றிருப்பார்கள்.