வெந்நீருக்கு வெயில்: நூத்தி முப்பது வருஷக் கதை

சோலார் வாட்டர் ஹீட்டர்னு சொன்னா நம்மாளுங்க நிறைய பேருக்கு அது என்னமோ 1973-ல பெட்ரோல் விலை ஏறினதுக்கு அப்புறம் வந்த சமாச்சாரம்னு ஒரு நினைப்பு. எனக்கும் அது பத்தி பெருசா அக்கறை இருந்ததில்லை. நான் குடியிருக்கிற வீட்டு ஓனர் கூரைக்குப் புது பேனல் போட்டுட்டு, பழைய பேனல் ஆறை கராஜ் சுவத்துல சாய்ச்சு வெச்சிருக்கார். "இதை நேரா ஹீட்டர் ராடுல கொடுத்தா தண்ணி காயுமா, நீ தான் இன்ஜினியரிங் படிக்கிறியே"ன்னு ஒரு கேள்வி கேட்டார். பதில் தேடப் போய், நூலகத்துல மூணு சாயங்காலம் ஓடிப்போச்சு. கேள்விக்குப் பதில் கடைசியில சொல்றேன், ஏன்னா அதுக்கு முன்னாடி இருக்கிற கதை தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

நம்ம ஊர் மொட்டை மாடியில கருப்பு பிளாஸ்டிக் டேங்க் வெச்சிருக்கிற எல்லாருக்கும் பாதி கதை ஏற்கெனவே தெரியும். மே மாசம் மத்தியானம் குழாயைத் திறந்தா கை வெந்து போகும். அமெரிக்க விவசாயிகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டுல இதைத்தான் செஞ்சாங்க. டேங்குக்குக் கருப்புப் பெயின்ட் அடிச்சு வெயில்ல வெச்சுட்டு, சாயங்காலம் அதுல குளிக்கிறது. ஒரே தொல்லை, சூரியன் இறங்கின உடனே தண்ணியும் ஆறிடும்.

இன்னொரு பக்கம், சுவிட்சர்லாந்து விஞ்ஞானி சொசூர் 1767-லயே கண்ணாடி மூடின பெட்டிக்குள்ள வெயில் சூட்டைச் சிறைப்பிடிக்கலாம்னு காட்டியிருந்தார். தண்ணி கொதிக்கிற சூட்டையும் தாண்டி அவர் பெட்டி போயிருக்கு. ஆனா அவருக்குக் குளியலறை மேல அக்கறை இல்லை, பாவம்.

இந்த ரெண்டையும் சேர்த்தவர் கிளாரன்ஸ் கெம்ப். பால்டிமோர்ல வீட்டைச் சூடாக்குற சாமான்கள் வித்துட்டிருந்தவர். கருப்பு டேங்குகளைக் கண்ணாடி மூடின மரப்பெட்டிக்குள்ள வெச்சு 1891-ல காப்புரிமை வாங்கினார். பேரு 'கிளைமாக்ஸ்'. (சினிமா இல்லீங்க!) அவரோட விளம்பரம் யாருக்குத் தெரியுமா? கோடைக்கு மனைவியும் வேலைக்காரங்களும் ஊருக்குப் போயிட, தனியா மாட்டிக்கிட்ட கணவன்மாருக்கு. அடுப்பு மூட்டத் தெரியாட்டாலும் வெந்நீர் கிடைக்கும்ல :-)

பால்டிமோர்ல விக்குறதை விட கலிஃபோர்னியாவுல அது நல்லா வித்துச்சு. காரணம் வெயில் மட்டும் இல்லை. அங்கே அப்போ நிலக்கரி வெளியில இருந்து வரணும், விலை ஜாஸ்தி. தயாரிச்ச கேஸ் அதைவிட ஜாஸ்தி. 25 டாலருக்கு ஒரு பெட்டி வாங்கினா வருஷத்துக்கு 9 டாலர் மாதிரி நிலக்கரிக் காசு மிச்சம், மூணே வருஷத்துல போட்ட காசு திரும்பிடும். 1897 வாக்குல பசடீனா ஊர்ல பத்துக்கு மூணு வீட்டுல வெயில் வெந்நீர். இன்னைக்கு எத்தனை ஊரு அந்தக் கணக்கைத் தொடும், நீங்களே யோசிச்சுப் பாருங்க.

ராத்திரி ஆறிப் போற பிரச்சினையைத் தீர்த்தது வில்லியம் பெய்லி, 1909-ல. டேங்கையும் வெயில் பெட்டியையும் தனித்தனியாப் பிரிச்சார். கூரையில கண்ணாடிக்குக் கீழே செம்புக் குழாய், அதுக்கும் மேலே நல்லாப் போர்த்தி மூடின டேங்க். சூடான தண்ணி லேசாகித் தானா மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். மோட்டார் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மறுநாள் காலையிலயும் சுடுதண்ணி. அதனாலதான் கம்பெனிக்கே 'டே அண்ட் நைட்'னு பேர் வெச்சார். நம்ம ஊர்ல இன்னைக்கும் மாடியில டேங்கோட சாய்ஞ்சு நிக்கிற ஹீட்டர் எல்லாம் அடிப்படையில பெய்லி போட்ட கோலம் தான். 1913-ல கலிஃபோர்னியாவுல ஒரு கடுங்குளிர் அடிச்சு குழாயெல்லாம் வெடிச்சுது. அதுக்கும் அவர் அசரலை, குழாயில தண்ணியும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தைச் சுத்த விட்டு, அதை வெச்சு டேங்க் தண்ணியைச் சூடாக்கினார்.

இப்படிப்பட்ட மனுஷனை எது சாய்ச்சுது? குளிரும் இல்லை, ராத்திரியும் இல்லை. 1920-களிலே லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பூமிக்கடியில ஏராளமா இயற்கை எரிவாயு கிடைச்சுது. கேஸ் விலை மடமடன்னு சரிஞ்சுது. பெய்லி என்ன பண்ணார்? அழலை. அதே கம்பெனியில கேஸ் ஹீட்டர் செய்ய ஆரம்பிச்சு அதுலயும் பெரிய ஆளாயிட்டார். அந்தக் கம்பெனி கடைசி சோலார் ஹீட்டரை வித்தது 1941-ல. எனக்கு இந்த இடம் தான் உறுத்துது. ஹீட்டர் கெட்டுப் போகலை, ஒழுங்கா ஓடிட்டிருந்தது. செஞ்சவரே கைவிட்டார்.

கதை அப்படியே ஃப்ளோரிடாவுக்குத் தாவுச்சு. அங்கே கேஸ் இல்லை, மின்சாரம் ரொம்ப விலை. பெய்லியோட உரிமையை வாங்கி மயாமியில செய்ய ஆரம்பிச்சாங்க. 1941 வாக்குல மயாமி மக்கள்ல பாதிக்கு மேல வெயில் வெந்நீர்ல குளிச்சாங்கன்னு கணக்கு. அப்புறம் உலகப்போர். செம்பு முழுக்க ராணுவத்துக்குப் போயிடுச்சு, புது ஹீட்டர் செய்ய வழியில்லை. போர் முடிஞ்சா செம்பு விலை எங்கேயோ இருக்கு, மின்சாரமோ மலிவாயிடுச்சு. கரண்ட் கம்பெனியே மின்சார ஹீட்டரை வாங்குங்க வாங்குங்கன்னு தள்ளிச்சு. போதாததுக்கு பழைய டேங்குகள் துருப்பிடிச்சு ஒழுக ஆரம்பிச்சுது. செம்புக் குழாயையும் இரும்பு டேங்கையும் ஒண்ணாச் சேர்த்தா இரும்பு அரிக்கும்ங்கிற பத்தாங்கிளாஸ் வேதியியல் தான். கூரையிலேயே அநாதையா விட்டுட்டு எல்லாரும் பிளக்குக்கு மாறிட்டாங்க.

இஸ்ரேல்ல மட்டும் வேற மாதிரி முடிஞ்சுது. 1950-களின் ஆரம்பத்துல எரிபொருள் பஞ்சம், ராத்திரி 10-லிருந்து காலை 6 வரைக்கும் தண்ணி காய்ச்சவே தடை. லெவி யிஸ்ஸார்ங்கிற இன்ஜினியர் 1953-ல சோலார் ஹீட்டர் கம்பெனி ஆரம்பிச்சார். நல்லாத்தான் போயிட்டிருந்தது. 1967 போருக்கு அப்புறம் சினாயிலிருந்து மலிவு எண்ணெய் வந்ததும் அங்கேயும் விற்பனை படுத்துடுச்சு! அப்புறம் 1973 வந்து மறுபடி எழுப்பி, 1980-ல புது வீடு கட்டினா சோலார் ஹீட்டர் கட்டாயம்னு சட்டமே போட்டாங்க (உயரமான கட்டடங்களுக்கு மட்டும் விலக்கு). விலை ஏறி இறங்கினாலும் அசையாம நின்னது அந்தச் சட்டத்தால தான்னு நான் நினைக்கிறேன். சட்டம் இல்லாத அமெரிக்காவுல, 1979-ல கார்ட்டர் வெள்ளை மாளிகை மேல வெச்ச 32 தகடுகளை 1986-ல, ரீகன் காலத்துல, கூரை ரிப்பேர்னு இறக்கினவங்க திருப்பி ஏத்தவே இல்லை.

சரி, ஓனர் கேள்விக்கு வருவோம். பேனல்னு சொல்றது வேற ஜாதி. அது வெயிலைச் சூடாக்காது, மின்சாரமாக்கும். பெல் ஆய்வுக்கூடத்துல 1954-ல பிறந்தப்போ வெயில்ல 6 சதவீதம் தான் மின்சாரமாச்சு. 1970-களிலே ஒரு வாட்டுக்குப் பல பத்து டாலர் விலை. அந்தக் காசுல கிடைச்ச கரண்டை வெச்சுத் தண்ணி காய்ச்சுறது சந்தனக் கட்டையை அடுப்புல வெச்சு எரிக்கிற மாதிரி. லேப்ல என் சீனியர் ஒருத்தர் இன்னமும் அப்படித்தான் சொல்றார். பெய்லி மாதிரிக் குழாய் ஹீட்டர் வெயில்ல பாதிக்கு மேல பிடிக்கும், பேனல் ஐந்துல ஒரு பங்கு தானேங்கிறார். கணக்கு சரி. ஆனா 2024-ல மொத்த விலையில வாட்டுக்கு 20 சென்ட்டுக்கும் கீழே வந்துடுச்சு பேனல். செம்போ ஏறிட்டே இருக்கு. ஒயருக்கு உறைஞ்சு வெடிக்கிற பயமும் இல்லை. சும்மா சாய்ஞ்சு கிடக்கிற பழைய பேனலுக்கோ விலையே இல்லை. எரிவாயு பெய்லிக்குப் பண்ணினதை இப்போ பேனல் பெய்லியோட குழாய்க்குப் பண்ணுது, அவ்வளவு தான்.

எவ்வளவு தேவை? 100 லிட்டர் தண்ணியை 30 டிகிரி ஏத்த சுமார் மூணரை யூனிட் மின்சாரம். 400 வாட் பேனல் ஒண்ணு நல்ல வெயில் நாள்ல ரெண்டு யூனிட் கொடுக்கும். ரெண்டு பேனல் போதுமேன்னு தோணும். அங்கே தான் ஒரு சிக்கல். நம்ம ஊர் கீசர்ல இருக்கிற 230 வோல்ட், 2 கிலோவாட் ராடோட மின்தடை 26 ஓம் சொச்சம். பேனல் ஒண்ணு 40 வோல்ட், 10 ஆம்பியர். அது முழுசா வேலை செய்யணும்னா 4 ஓம் தான் வேணும். ஒரு பேனலை நேராக் கொடுத்தா 400 வாட்டுக்குப் பதிலா நூறு வாட்டு கூட வராது. ஆறை வரிசையாக் கோத்தா 240 வோல்ட், 24 ஓம், கிட்டத்தட்ட அச்சாப் பொருந்தும். அதுவும் உச்சி வெயில்ல மட்டும். வெயில் பாதியானா ஆம்பியர் பாதி, ராடுக்குக் கிடைக்கிறது பாதி இல்லை, கால்வாசி. இதைச் சரிக்கட்ட நடுவுல ஒரு கன்ட்ரோலர் வெப்பாங்க.

ஓனர்கிட்ட நான் "காயும், ஆனா அந்த தெர்மோஸ்டாட்டை நம்பாதீங்க"ன்னு தான் சொன்னேன். கீசர்ல இருக்கிற தெர்மோஸ்டாட் ஏசிக்குச் செஞ்சது. ஏசி கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும், அதனால சுவிட்ச் திறக்கும்போது வர்ற பொறி தானா அணைஞ்சுடும். பேனல் கொடுக்கிறது டிசி. பொறி அணையாம நின்னு எரியும், தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கும். அப்புறம் தண்ணி கொதிச்சாலும் கரண்ட் நிக்காது. ஆறு பேனல் கோத்தா லோடு இல்லாதப்போ 290 வோல்ட் டிசி, அது தொட்டா விடாது. டிசிக்குன்னே செஞ்ச சுவிட்சும், சூடு மிஞ்சினா திறக்கிற வால்வும், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனும் வேணும்னு சொன்னேன். "அதுக்கு ஆகுற காசுக்கு..."ன்னு இழுத்தார். பிறகு கேஸ் பில்லை எடுத்துட்டு வந்து என் முன்னாடியே கூட்டிப் பார்க்க ஆரம்பிச்சுட்டார்.