ஊருக்கு நீர், உலகுக்குக் குறள்

நீரின் அருமையை அந்தமான் வாழ் தமிழர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பொழிந்தும், கோடை வந்துற்றால் குடங்கள் வரிசையில் நிற்பதை நாம் காண்கிறோம். பெய்த நீரைத் தேக்கி ஊருக்குக் கொணர்பவன் செய்வது பேரறம். அவ்வறத்துடன் தமிழ்த் தொண்டும் ஆற்றிய ஓர் அயல்நாட்டாரை இம்மலரில் நினைவுகூர்தல் தகும்.

அவர் பெயர் லமெரெஸ். பிரெஞ்சு நாட்டினர். 1860களில் புதுச்சேரியில் தலைமைப் பொறியாளராய்ப் பணியாற்றியவர். அந்நாளில் நகரத்துக் கிணறுகளின் நீர் உவர்ப்புடையதாய் இருந்தது. நகருக்கு மேற்கே முத்திரப்பாளையத்திலோ நன்னீர் ஊறிற்று. அந்நீரை 1863இல் நகரின் நடுவிடத்திற்குக் கொண்டுவந்த பெருமை லமெரெஸையே சாரும்.

முத்திரப்பாளையத்துக் குளத்திற்கு ஒரு பழங்கதை உண்டு. கிருஷ்ணதேவராயர் அவ்வழியே வருங்கால், விளக்கொளி திகழ்ந்த ஒரு மாளிகையைக் கோயிலென எண்ணிக் கைகூப்பினாராம். அஃது ஆயி என்னும் கணிகையின் இல்லம் எனத் தெரிந்ததும் சினந்து, இடித்துத் தள்ள ஆணையிட்டாராம். ஆயி, தன் இல்லத்தைத் தானே இடித்து, அவ்விடத்தில் ஊரார்க்கெனக் குளம் வெட்டுவித்தாள் என்பர். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் இதனைக் கேட்டு அவள் நினைவாக மண்டபம் எழுப்பப் பணித்தார் என்றும் வழங்குவர். கதை எங்ஙனமாயினும், அப்பேரரசர் காலத்து ஆயி மண்டபம் இன்றும் நிற்கிறது. புதுவை அரசின் சின்னமாகவும் விளங்குகிறது. மன்னன் இகழ்ந்த பெண்ணை மக்கள் மறவாதிருந்தனர்.

நீர்ப்பணியோடு லமெரெஸ் அமைந்தாரல்லர். தாம் பணிபுரிந்த நாட்டு மக்களின் நெஞ்சையும் அறிய விழைந்தார். தென்னாட்டு மக்களிடை வழங்கிய பாடல்களைப் பிரெஞ்சில் பெயர்த்து 1867இல் பாரிசில் நூலாக்கினார். திருக்குறளும் அதில் இடம்பெற்றது. அவருக்கு முன்னரே 1848இல் ஆரியேல் என்பார் குறளின் சில பகுதிகளைப் பிரெஞ்சில் தந்திருந்தார். போப் ஐயரின் ஆங்கிலக் குறள் வெளிவந்ததோ 1886இல். ஆங்கிலேயர் பலர் அக்குறளைப் பயிலுமுன்னரே பாரிசு நகரத்தார் வள்ளுவரை அறியத் தொடங்கினர் என்பது எண்ணத்தக்கது.

கடவுள் வாழ்த்தை அடுத்தே வான்சிறப்பை வைத்தவர் வள்ளுவர். நீரையே தொழிலாய்க் கொண்ட லமெரெஸிற்கு அவ்வதிகாரம் அயலாகத் தோன்றியிராது. பின்னாளில் புத்தர் வரலாற்றையும், 1891இல் வாத்ஸ்யாயனரின் நூலையும் அவர் பிரெஞ்சில் வெளியிட்டார்.

அவர் ஆளும் இனத்தார். நம் முன்னோர் ஆளப்பட்டோர். இதனை மறத்தல் வேண்டா. 1858இல் இத்தீவில் கைதிகளைக் குடியேற்றிய ஆட்சியும் அக்காலத்ததே. எனினும் சில ஆண்டுகளே தங்கவந்த அயலார் ஒருவர் நம் மொழியை மதித்தார். பல தலைமுறையாய் ஈண்டு வாழும் நாமோ, பள்ளிக்கும் கடைவீதிக்கும் இந்தி போதுமென்று வீட்டிலும் தமிழை நழுவவிடுகிறோம்.

குளம் தூர்ந்தால் ஒருநாள் மீண்டும் தோண்டலாம். குழந்தையின் நாவில் தூர்ந்த மொழியைத் தோண்டி எடுத்தல் அரிது. ஆண்டு விழா முடிந்து இல்லம் திரும்பியதும், நாளொரு குறளைப் பிள்ளைகளுடன் ஓதத் தொடங்குவோமாக.