கரியமில வாயுவைப் பிடித்துக் கடலுக்கடியில் வைக்கலாமா? கரிம வரிக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

"கரண்ட் பில் ஏன் கூடிப்போச்சு?" வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள். அந்தக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு கரிம வரி. தொழிற்சாலைகள் கரியமில வாயுவைப் பிடித்துவைக்குமா, காற்றில் விடுமா என்பதும் அந்த வரியைப் பொறுத்ததே.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

புகையை அமீன் எனும் ரசாயனக் கரைசல் வழியாக அனுப்புவார்கள். கரியமில வாயு அதில் ஒட்டிக்கொள்ளும். கரைசலைச் சூடாக்கினால் வாயு தனியே பிரியும். அதை அழுத்தி, குழாய் அல்லது கப்பல் வழி கொண்டுசென்று, ஆழத்தில் உள்ள நுண்துளைப் பாறைக்குள் செலுத்துவார்கள். மேலே உள்ள இறுகிய பாறை அதற்கு மூடி.

பிறகென்ன சிக்கல்?

செலவுதான். கரைசலைச் சூடாக்கவே நிறைய எரிசக்தி தேவை. இயற்கை எரிவாயு மின்நிலையப் புகையில் கரியமில வாயு சுமார் 4 விழுக்காடுதான். அதைப் பிரித்தெடுப்பது இன்னும் சிரமம்.

வரி எங்கே வருகிறது?

நார்வே 1991இல் கரிம வரியைக் கொண்டுவந்தது. வாயுவைக் காற்றில் விட்டால் வரி கட்டவேண்டும். அதனால் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் அதைக் கடலடிப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். தொழில்நுட்பம் இருந்தது, அதைப் பயன்படுத்த வைத்தது வரி.

சிங்கப்பூரில்?

2019இல் ஒரு டன்னுக்கு 5 வெள்ளி. 2024இல் 25 வெள்ளி. 2026, 2027 ஆண்டுகளில் 45 வெள்ளி. 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி வரை உயர்த்துவது திட்டம். ஆண்டுக்கு 25,000 டன் அல்லது அதற்குமேல் வெளியேற்றும் நிலையங்கள் வரி செலுத்தவேண்டும்.

ஆனால் வாயுவைச் சேமிக்க ஏற்ற பாறை அமைப்பு இங்கு இருப்பதாகத் தெரியவில்லை. ஜூரோங் தீவில் பிடித்தாலும் வெளிநாட்டுக்குத்தான் அனுப்பவேண்டும். அதற்காக 2024 பிப்ரவரியில் இந்தோனேசியாவுடன் விருப்பக் கடிதம் கையெழுத்தானது.

நமக்கு என்ன?

வரி 25 வெள்ளியாகும்போது நான்கறை வீவக வீட்டின் பயனீட்டுக் கட்டணம் மாதத்துக்குச் சராசரியாக 4 வெள்ளி கூடும் என்று அரசாங்கம் 2022இல் கணித்தது. சுமையைக் குறைக்க யூ-சேவ் தள்ளுபடி உண்டு.

வரி குறைவாக இருந்தால் நிறுவனங்கள் அதைக் கட்டிவிட்டுப் புகையை விட்டுக்கொண்டே இருக்கும். பிடிப்பதற்கான செலவைவிட வரி கூடினால்தான் கணக்கு மாறும். 2050க்குள் நிகர வெளியேற்றத்தைச் சுழியமாக்கும் இலக்குக்கு அந்த மாற்றம் முக்கியம்.