கொரியத் தொடரும் நம் ஊர் இளவரசியும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பில் படித்த மாணவி ஒருத்தி போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பியிருந்தாள். "சார், கொரியா நாட்டு ராணியே நம்ம தமிழ்ப் பொண்ணுதானாமே? பேரு செம்பவளமாம். உண்மைங்களா?" என்று கேள்வி. தாயும் மகளும் சேர்ந்து கொரியத் தொடர் பார்க்கிறவர்கள். பெரம்பலூரில் கல்லூரி படிக்கும் மகள் செல்போனிலேயே கொரிய எழுத்தும் பழகியிருக்கிறாள். ஆமாம், இல்லை என்று ஒரு வரியில் பதில் போட முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தத் தொடர்கள் பச்சைமலை அடிவாரம் வரை எப்படி வந்து சேர்ந்தன என்று பார்ப்போம். 1987, 88-ல் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் ராமாயணம் ஓடியபோது அரும்பாவூரில் டிவி இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தி ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கதை தெரியும், அதனால் திண்ணை நிறையக் கூட்டம். மொழி புரியாத தொடரைப் பார்க்கும் பழக்கம் நமக்கு அன்றே வந்துவிட்டது. 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி, 2011-ல் 70 ரூபாய்க்கு வந்த அரசு கேபிள் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்தன. ராஜ் டிவியில் 'சிந்து பைரவி', பாலிமரில் 'உள்ளம் கொள்ளை போகுதடா' என்று இந்தித் தொடர்கள் தமிழ் பேசின. உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போனாலும் யாரும் கவலைப்படவில்லை.

2013-ல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி கொஞ்ச காலத்திலேயே கொரியத் தொடர்களைத் தமிழில் டப்பிங் செய்து போட ஆரம்பித்தது. 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' பலருக்கு நினைவிருக்கும். சலவைக் கடைக்காரர் மகள் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குள் நுழைகிற கதை. அது கொரியக் கதையே அல்ல. ஜப்பானியப் பெண் ஒருவர் வரைந்த படக்கதை அது. 2001-ல் தைவானில் தொடராக வந்தது, 2005-ல் ஜப்பானில் வந்தது, 2009-ல்தான் கொரியாவில் வந்தது. மூன்று நாடுகளைச் சுற்றிவிட்டு நம் கூடத்துக்கு வந்த கதையைப் பார்த்துவிட்டுத்தான் "கொரியாக்காரங்க நம்மள மாதிரியே இருக்காங்க" என்றோம்.

அப்படிச் சொன்னதிலும் நியாயம் உண்டு. பெரியவர்கள் முன் குனிந்து நிற்பது, தட்டில் சோற்றை வைத்து "சாப்பிட்டியா?" என்று கேட்பது, படிப்புக்காகக் குடும்பமே கடன்படுவது, மாமியார் அதிகாரம். அமெரிக்கத் தொடரில் இதெல்லாம் கிடைக்காது. மொழியிலும் வாய்ப்பு இருக்கிறது. கொரியத்தில் வினைச்சொல் நம்மைப் போல வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். பேசுகிற ஆளைப் பொறுத்து மரியாதை மாறும். "நீ", "நீங்க" இருக்கிற தமிழில் அதைக் கொண்டுவருவது எளிது. ஒரே ஒரு இடத்தில்தான் சிக்கல். அங்கே ஒரு பெண் தன் அண்ணனையும் "ஓப்பா" என்பாள், காதலனையும் "ஓப்பா" என்பாள். தமிழில் காதலனை "அண்ணா" என்று கூப்பிட வைத்தால் நம் வீட்டில் டிவியை அணைத்துவிடுவார்கள்.

"நம்மள மாதிரியே" என்பது உடைகிற இடமும் இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நம் பக்கத்தில் மாமன் மகள், அத்தை மகன் என்றால் முறை. கேட்காமல் வெளியில் கொடுத்தால் கோபித்துக்கொள்கிற குடும்பங்கள் இன்றும் உண்டு. கொரியச் சட்டத்தில் அத்தை மகனும் மாமன் மகளும் நான்காவது படி உறவு. எட்டாவது படி வரை கல்யாணம் கூடாது. முன்பு இன்னும் கடுமை. ஒரே குடும்பப் பெயரும் ஒரே பூர்வீக ஊரும் இருந்தால், எத்தனை நூறு தலைமுறை தள்ளியிருந்தாலும் மணக்க முடியாது. 1997-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2005-ல்தான் சட்டம் திருந்தியது. முறைப்பெண்ணைச் சுற்றி நடக்கும் நம் படம் ஒன்றை அங்கே போட்டால், நாம் "ஓப்பா"வுக்கு முகம் சுளிப்பதைவிட அதிகமாக அவர்கள் சுளிப்பார்கள்.

இனி செம்பவளம்.

'சாம்குக் யூசா' என்று ஒரு கொரிய நூல் உண்டு. இர்யோன் என்ற பௌத்தத் துறவி 13-ஆம் நூற்றாண்டில் தொகுத்தது. அதில் காயா நாட்டு வரலாற்றுச் சுருக்கம் ஒன்று வருகிறது. கி.பி. 48-ல் 'அயுத்தா' நாட்டிலிருந்து கப்பலில் 16 வயது இளவரசி வந்தாள், சூரோ என்ற அரசனை மணந்தாள், பெயர் ஹோ ஹ்வாங்-ஓக் என்கிறது. இர்யோன் எடுத்தாண்ட மூலக் குறிப்பு 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அப்படியே எடுத்துக்கொண்டாலும், நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் எழுதப்பட்ட காலத்துக்கும் நடுவே 1000 ஆண்டு இடைவெளி. வகுப்பில் நான் அடிக்கடி கேட்பேனே, "எழுதினவன் யாரு, எப்ப எழுதினான்?" என்று. அந்தக் கேள்விதான் இங்கேயும்.

அயுத்தா எது? அயோத்தி என்று ஒரு கட்சி. 2001-லேயே அங்கே நினைவிடம் கட்டி, 2018-ல் கொரிய அதிபரின் மனைவி நேரில் வந்து போனார். ஆனால் அந்தக் காலத்தில் அயோத்திக்குச் சாகேதம் என்ற பெயர்தான் பெரிதும் வழங்கியது. இல்லை, அது பொதிகை பக்கத்து ஆய் நாடு, இளவரசி நம்மவள் என்று இன்னொரு கட்சி. அவர்கள்தான் செம்பவளம் என்று பெயர் வைத்தார்கள். 'ஹ்வாங்' என்றால் மஞ்சள், 'ஓக்' என்றால் பச்சைக்கல் போன்ற மணி. மஞ்சள் மணி எப்படிச் சிவப்புப் பவளமானது என்று யாரும் சொல்வதில்லை. சூரோவின் சமாதியில் இரட்டை மீன் இருக்கிறதே, பாண்டியர் சின்னமாயிற்றே என்பார்கள். இரட்டை மீன் பௌத்தர்களின் எட்டு மங்கலச் சின்னங்களில் ஒன்று. பௌத்தம் போன இடமெல்லாம் அதுவும் போகும்.

சொற்கள்? அப்பா, அம்மா, நாள், புல், வா எல்லாம் கொரியத்தில் ஏறக்குறைய அதே ஒலியில், அதே பொருளில் உண்டு. கேட்கும்போது எனக்கும் சிலிர்க்கத்தான் செய்தது. 1905-லேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூல் போட்டார். ஆனால் இரண்டும் ஒரு குடும்பம் என்பதை இன்று மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. தனித்தனிச் சொல் ஒத்துப்போவது எந்த இரு மொழிக்கும் நடக்கும். ஒலி மாற்றம் ஒழுங்காக, திரும்பத் திரும்ப ஒத்துப்போக வேண்டும். அப்பா, அம்மா விஷயம் இன்னும் லேசு. குழந்தை வாயில் முதலில் வருகிற ஒலிகள் அவை. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா!

ஆக என் பதில்: செம்பவளம் என்ற தமிழ் இளவரசிக்கு ஆதாரம் இல்லை. கொரியர்கள் அந்த ராணியை மதிக்கிறார்கள் என்பது உண்மை. கிம்ஹே கிம், கிம்ஹே ஹோ என்ற இரு வம்சத்தாரும் அவள் பிள்ளைகள் வழி வந்தவர்கள் என்று தங்களுக்குள் பெண் கொடுத்து எடுக்காமல் இருந்தது உண்மை. அது அவர்கள் வரலாறு. நம் வரலாறு ஆவதற்கு இங்கே ஒரு கல்வெட்டாவது வேண்டும்.

காணொளி போடுகிறவர்கள் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். அந்த ராணி கதையைக் கொரியாக்காரர்களே 2010-ல் எம்.பி.சி. தொலைக்காட்சியில் 'கிம் சூரோ' என்று தொடராக எடுத்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த இளவரசியாக நடித்தவர் சோ ஜி-ஹ்யே என்ற கொரிய நடிகை. நாம் உறவு கொண்டாடுகிற அந்த ஒரே பாத்திரத்துக்கும் நம் பக்கத்து முகம் ஒன்றை அவர்கள் தேடவில்லை.

2021-ல் 'ஸ்குவிட் கேம்' வந்தது. அதில் அலி என்ற தொழிலாளி. முதலாளி சம்பளம் தராமல் இழுத்தடிக்கிறார், விரல்கள் போயிருக்கின்றன, யாரைப் பார்த்தாலும் கும்பிடாத குறையாகப் பேசுகிறான். நடித்தவர் டெல்லிக்காரரான அனுபம் திரிபாதி. பாத்திரம் பாகிஸ்தானி. இது சரியா தப்பா என்று பேசுவதற்குள் அடுத்தது வந்தது. 2023 ஜூலையில் 'கிங் தி லேண்ட்' தொடரில் அதே நடிகர் அரபு இளவரசர் சாமிராக வந்தார். கேளிக்கை விடுதியில் பெண்கள் சூழ இருக்கிறவர், பெண் பித்தர். அரபு நாட்டுப் பார்வையாளர்கள் கொதித்துப்போனார்கள். "இதுதான் நாங்களா? அதற்கும் ஒரு இந்தியரா?" என்றார்கள். ஜே.டி.பி.சி. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2021-ல் 'ராக்கெட் பாய்ஸ்' என்ற பேட்மின்டன் தொடர் இந்தோனேசிய ரசிகர்களை மட்டமாகக் காட்டியது என்று அந்நாட்டார் எழுதிக் குவித்து, எஸ்.பி.எஸ். மன்னிப்புக் கேட்டது. பார்க்கிறவர்கள் வாய் திறந்தால் தயாரிக்கிறவர்களுக்குக் கேட்கத்தான் செய்கிறது.

சொந்த நாட்டுப் பார்வையாளர்களும் சும்மா விடுவதில்லை. அதே 2021 மார்ச்சில் 'ஜோசன் எக்ஸார்சிஸ்ட்' என்ற சரித்திரத் தொடர் ஒரே வாரம், இரண்டே பகுதியோடு நின்றது. காரணம் பெரும்பாலும் ஒரு சாப்பாட்டு மேசை. பிற்காலத்தில் கொரிய எழுத்தை உருவாக்கிய செஜோங் மன்னர், இளவரசராக விருந்து வைக்கும் காட்சியில் சீனப் பண்டங்கள் இருந்தன. எங்கள் அரசன் மேசையில் சீனத்துப் பலகாரமா என்று மனு மேல் மனு போட்டார்கள். விளம்பரதாரர்கள் விலகினார்கள். மாவட்டத்தை ஒட்டி கங்கைகொண்ட சோழபுரத்தை வைத்திருக்கும் நமக்கு இந்தக் கோபம் புரியும். 'பொன்னியின் செல்வன்' வந்தபோது நெற்றியில் என்ன குறி என்று நாமும்தானே சண்டை போட்டோம்? ஆனால் இரண்டு தட்டுப் பலகாரத்துக்காக ஒரு தொடரையே நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. தவறைச் சுட்டலாம், திருத்தச் சொல்லலாம். பூதம் வரும் கற்பனைக் கதை அது, பாடப்புத்தகம் இல்லை.

தமிழர் பக்கம் 'தி ஃபேமிலி மேன்' இரண்டாம் பாகம் இருக்கிறது. 2021 மே மாதம் முன்னோட்டம் வந்ததுமே, ஈழத் தமிழரைத் தவறாகக் காட்டுகிறது என்று எதிர்ப்பு. அன்றைய அமைச்சர் மனோ தங்கராஜ் ஒன்றிய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். சமந்தாவுக்கு முகத்தைக் கறுப்பாக்கி ஈழப் பெண்ணாக நிறுத்தியதையும் பலர் கேட்டார்கள். தொடர் ஜூன் 4 அன்று வந்தே விட்டது. நியாயமான கேள்வி அந்தக் கறுப்பு மை பற்றியதுதான். இத்தனை கோடித் தமிழரில் இயல்பாகவே அந்த நிறம் கொண்ட ஒரு நடிகை கிடைக்கவில்லையா?

நாம் என்ன செய்தோம் என்றும் பார்க்க வேண்டுமே. அதே 2011-ல், காஞ்சிபுரத்துப் போதிதர்மர் சீனாவுக்குப் போனார் என்று பெருமை பேசிய '7ஆம் அறிவு' வந்தது. திரையரங்கில் விசில் பறந்தது. அதில் சீனாக்காரன் டாங் லீ. பார்வையாலேயே ஆளை வசியம் செய்து கொல்லுகிற வில்லன். நடித்தவர் ஜானி ட்ரி நுயென், வியட்நாம் வம்சாவளி அமெரிக்கர். கண் சின்னதாக இருந்தால் போதும், எந்த நாடானால் என்ன என்பதுதான் நம் கணக்கு. அனுபம் திரிபாதியை அரபியாக்கிய அதே கணக்கு. ஒரு சீனரோ வியட்நாமியரோ அன்று நம்மிடம் கேட்டிருந்தால் என்ன பதில் வைத்திருந்தோம்?

எங்கள் ஊர் மரச் சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. யாளி கேட்டவருக்குச் சிங்கத்தைச் செதுக்கிக் கொடுத்தால் இங்கே வாங்க மாட்டார்கள். அடையாளம் தப்பினால் உரு தப்பு. கோடிகளில் படம் எடுக்கிறவர்களுக்கு இந்தச் சின்ன ஒழுங்கு ஏன் வருவதில்லை என்று தெரியவில்லை.

கொரியத் தொடரை நமக்கு முன்பே கொண்டாடியவர்கள் மணிப்பூர்க்காரர்கள். 2000-ல் அங்கே தீவிரவாத அமைப்பு ஒன்று இந்திப் படங்களுக்குத் தடை போட்டது. அந்த இடத்தைக் கொரியத் தொடர்கள் பிடித்தன. அவர்களுக்கு அது முகத்தின் விஷயமும்கூட. இந்தியத் தொலைக்காட்சியில் தன்னைப் போன்ற முகமே வராத ஒரு பிள்ளைக்குக் கொரியத் தொடரில் அது நாயகியாக வருகிறது. 2014-ல் மணிப்பூரின் மேரி கோம் பற்றி நாமே படம் எடுத்தபோது நடித்தவர் பிரியங்கா சோப்ரா. இன்று பெரம்பலூர் ஓட்டல்களில் வேலை பார்க்கும் வடகிழக்குப் பிள்ளைகளைப் பார்த்துச் "சைனாக்காரன்" என்று சிரிக்கிறவர்களில் சிலர், இரவு வீட்டில் அதே முகச்சாயல் கொண்ட நாயகனுக்காகக் கண் கலங்குகிறார்கள்.

இது இனி டிவியோடு நிற்கிற விஷயமும் இல்லை. எறையூர் சிப்காட்டில் காலணி ஆலை ஓடுகிறது. ஜெயங்கொண்டத்தில் தைவான் காலணி நிறுவனத்துக்கு 2024 நவம்பரில் முதல்வர் அடிக்கல் நாட்டினார். நம் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலைக்குப் போவார்கள். மேற்பார்வைக்கு அந்த ஊர்க்காரர்கள் வருவார்கள். அவர்கள் நம்மைப் படத்தில் பார்த்த அலியாக நினைத்து வருவார்களா, நாம் அவர்களை டாங் லீயாக நினைத்துப் பேசுவோமா என்பதெல்லாம் ஷிப்டு தொடங்கினால் தெரிந்துவிடும்.

கொரிய எழுத்து பழகும் அந்தக் கல்லூரிப் பெண் தொடர்ந்து பழகட்டும். அந்த எழுத்து 1446-ல் சாதாரண மக்கள் படிப்பதற்காகவே வெளியிடப்பட்டது. அது ஒரு நல்ல கதை, ஆதாரத்தோடு இருக்கிற கதை. வேண்டுமென்றால் தனியாக எழுதுகிறேன்.

புதுயுகத்தில் அந்தக் காலத்தில் பார்த்தவர்கள், எந்தத் தொடர், எந்தக் காட்சி நினைவில் நிற்கிறது என்று கீழே எழுதுங்கள். குறிப்பாக நம்மைப் போன்ற முகம் ஒன்று அதில் எங்காவது வந்ததா, வந்தால் என்ன வேலை செய்தது என்று நினைவிருந்தால் சொல்லுங்கள்.