காய்ச்சல் மரத்தின் பட்டை

மருந்து நம் உடலுக்குள் சென்று என்ன செய்கிறது என்பதை மனிதர் அறிந்துகொள்ளப் பல நூற்றாண்டுகள் ஆயின. அவ்வரலாற்றின் பெரும் பகுதியை ஒரே ஒரு மரத்தின் பட்டையைக் கொண்டே நாம் விளங்கிக்கொள்ளலாம்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச் சரிவுகளில் வளரும் சின்கோனாவே அம்மரம். பெரு நாட்டில் பணியாற்றிய சேசு சபைத் துறவிகள் 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதன் பட்டையை உரோமைக்குக் கொண்டுவந்தனர். அந்நாளில் சதுப்பு நிலங்கள் சூழ்ந்த அந்நகரத்து மக்களை முறைக்காய்ச்சல் ஆண்டுதோறும் வாட்டியது. சேசு சபை இறையியலாளரான கர்தினால் யுவான் தெ லூகோ, பட்டைத் தூளை ஏழை நோயாளிகளுக்கு இலவசமாக வழங்கச் செய்தார். எவ்வளவு தூள், எந்த வேளையில், திராட்சை இரசத்தில் எவ்வாறு கலந்து தருவது என்பதை 1649 இல் உரோமையில் வெளியான சிறு குறிப்புத்தாள் ஒன்று வரையறுத்தது. மருந்தோடு அதன் அளவும் வேளையும் சேர்ந்தே சிகிச்சையாகும் என்பதை அக்குறிப்பை எழுதியோர் உணர்ந்திருந்தனர்.

'சேசு சபையார் பட்டை' என்னும் பெயரே இங்கிலாந்தில் ஐயத்தை எழுப்பியது. ராபர்ட் டால்பர் என்பவர் 1672 இல் தம் நூலில் அப்பட்டையைக் குறித்து மக்களை எச்சரித்தார். ஆயினும் அவருடைய இரகசிய மருந்தில் இருந்ததும் அதே பட்டைதான்! இரண்டாம் சார்லஸ் மன்னரின் காய்ச்சலைத் தணித்த அம்மருந்தின் இரகசியத்தைப் பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி விலைக்கு வாங்கினார். டால்பர் இறந்த மறு ஆண்டு, 1682 இல், அது வெளியாயிற்று. பகை உணர்வால் மருந்தின் இயல்பு மாறிவிடவில்லை.

எனினும் ஒரு புதிர் எஞ்சியது. பட்டை சில காய்ச்சல்களைத் தீர்த்தது. வேறு சிலவற்றில் பயன் தரவில்லை. 1820 இல் பெல்த்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். அதன்பின் மருந்தைச் சரியான அளவில் தர முடிந்தது. 1860களில் நம் நீலகிரியிலும் இம்மரம் பயிராயிற்று. 1880 இல் அல்ஜீரியாவில் லவரான் என்னும் மருத்துவர், மலேரியா நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். புதிர் அவிழ்ந்தது. பட்டை தாக்கியது உடற்சூட்டை அன்று. அச்சூட்டுக்குக் காரணமான உயிரியை.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாங்லி, பால் எர்லிக் ஆகியோர் இதன் பொது நெறியை விளக்கினர். மருந்து செயலாற்ற வேண்டுமானால், உடலிலோ கிருமியிலோ தனக்குரிய ஓரிடத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். பூட்டுக்கேற்ற திறவுகோல் போல. மலேரியா ஒட்டுண்ணி நம் இரத்தச் சிவப்பணுவின் நிறமியை உண்ணும்போது நச்சுக் கழிவு உண்டாகிறது. அதனைப் படிகமாக்கித் தன்னைக் காத்துக்கொள்கிறது. கொயினா அவ்வேலையைத் தடுப்பதால் ஒட்டுண்ணி தன் நச்சாலேயே மடிகிறது என்பர் ஆய்வாளர். டைபாய்டு கிருமியிடம் இந்த வேலை இல்லை. ஆதலின் அங்கே கொயினாவுக்கும் வேலை இல்லை.

அளவு மிகுந்தால் அதே கொயினா காதில் இரைச்சலை உண்டாக்கும், செவிப்புலனைக் கெடுக்கும், இதயத் துடிப்பையும் பிறழச் செய்யும். உட்கொண்ட மருந்தைக் கல்லீரல் மாற்றுகிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. எனவேதான் வேளை தவறாமல் மீண்டும் தரவேண்டியுள்ளது. இன்று மலேரியாவுக்குப் பிற மருந்துகள் முதலிடம் பெற்றுவிட்டன. ஆயினும் இந்நெறிகள் மாறவில்லை.

நம் பங்குகளில் நோயுற்றோரைக் காணச் செல்லும்போது நாம் பார்ப்பதென்ன? அண்டை வீட்டாருக்குக் குணம் தந்த மாத்திரையை வாங்கி விழுங்குகிறோம். விரைவில் நலம்பெற இரண்டாகக் கூட்டுகிறோம். காய்ச்சல் தணிந்த மறுநாளே நிறுத்திவிட்டு, எஞ்சிய கிருமிகளுக்கு உயிர்ப்பிச்சை அளிக்கிறோம். மருத்துவரை மதிக்குமாறு சீராக் நூல் நமக்குக் கற்பிக்கிறது. அவர் குறித்துத் தந்த அளவையும் வேளையையும் நாளையும் இறுதிவரை காப்பதே அம்மதிப்பு. நோயாளிக்காகச் செபிக்கும் நாம், அவர் மருந்துச் சீட்டையும் ஒருமுறை வாசித்துக் காட்டுவோம்.