ரோமின் பிளீபியர்களும் திருச்செங்கோட்டு மலையும்

கொங்கு மண்டலத்தில் ரோம் என்று பேச்செடுத்தால் உடனே நாணயம்தான் வரும். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த ரோமானியக் காசுகள், கொடுமணலில் மணிக்கற்களை அறுத்துப் பட்டை தீட்டிய தொழிற்கூடங்கள், கடல் கடந்து நடந்த வணிகம். ஆண்ட பரம்பரைப் பெருமை பேசுகிறவர்கள் இதை மேடைக்கு மேடை சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் ரோம் இன்றைய உலகத்துக்கு விட்டுப்போனது காசு மட்டுமல்ல. ரிபப்ளிக், செனட், சென்சஸ், வீட்டோ எல்லாமே லத்தீனிலிருந்து வந்த சொற்கள். நாம் குடியரசு என்று சொல்வது அந்த ரிபப்ளிக்கைத்தான். அதற்குப் பின்னால் இருநூறு ஆண்டுச் சண்டை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை.

ரோமில் பாட்ரீசியர் என்ற மேல்குலத்தார் இருந்தார்கள். மற்றவர்கள் பிளீபியர்கள். பதவி, பூசாரித்தனம், சட்ட அறிவு மூன்றும் மேல்குலத்தார் கையில். உழவும் போரும் கடனும் பிளீபியர்கள் தலையில். ரோமானிய மரபுக் கணக்குப்படி கி.மு. 494இல் பிளீபியர்கள் ஊரை விட்டே வெளியேறி ஒரு குன்றில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். படைக்கு ஆள் இல்லை. மேல்குலத்தார் இறங்கி வந்தார்கள். தங்களுக்கென்று தனிப் பிரதிநிதிகளான டிரிபியூன்களைப் பிளீபியர்கள் பெற்றார்கள். ஆணையைத் தடுத்து நிறுத்தும் வீட்டோ அதிகாரம் அவர்களுடையது.

அடுத்த சண்டை எதற்கு என்பதுதான் நமக்கு முக்கியம். கி.மு. 450 வாக்கில் எழுதப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டம், பாட்ரீசியரும் பிளீபியரும் மணம் செய்துகொள்ளக் கூடாது என்றது. கி.மு. 445இல் கனுலேயஸ் என்ற டிரிபியூன் அந்தத் தடையை நீக்கச் சட்டம் கொண்டுவந்தார். குலரத்தம் கலந்துவிடும், தெய்வக்குறி கெட்டுவிடும் என்று மேல்குலத்தார் கூச்சல் போட்டதாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இல்லையா? கூச்சலை மீறித் தடை நீங்கியது.

கி.மு. 367இல் நாட்டின் மிக உயர்ந்த பதவியான கான்சல் பதவியும் பிளீபியர்களுக்குத் திறந்தது. இந்த இடத்தில்தான் அண்ணல் அம்பேத்கர் நம்மை நிறுத்திக் கேள்வி கேட்கிறார். 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் அவர் ரோமை எடுத்துக்கொண்டு பேசுகிறார். பிளீபியர் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டாலும் அவரைத் தெய்வம் ஏற்க வேண்டும். தெய்வத்தின் பெயரால் பேசுகிற பூசாரிகளோ பாட்ரீசியர்கள். அதனால் தம் மக்களுக்காக உறுதியாக நிற்கக்கூடிய பிளீபியர் பதவிக்கு வரவே முடியவில்லை என்கிறார். மதமும் அதிகாரத்தின் ஊற்றுதான் என்பது அவர் சொன்ன பாடம். உயர்ந்த பூசாரிப் பதவிகள் பிளீபியர்களுக்குத் திறந்தது கி.மு. 300இல்தான்.

பிளீபியர்களும் நாமும் ஒன்றல்ல. அவர்கள் மேல் தீட்டு இல்லை. ரோமும் சொர்க்கம் அல்ல. அடிமைகளின் உழைப்பில் கொழுத்த அரசு அது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே சட்டம் சுவராக நின்றது. சட்டத்தை உடைத்ததும் வழி கிடைத்தது. இங்கே சட்டம் திறந்திருக்கிறது, ஊர் மூடியிருக்கிறது. 1954இன் சிறப்புத் திருமணச் சட்டம் யாரும் யாரையும் மணக்கலாம் என்கிறது. 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சித் தலைவர் நாற்காலியில் நமக்கும் இடஒதுக்கீடு தந்தது.

ஆனால் 2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், உடன் படித்த வேறு சாதிப் பெண்ணோடு திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். ஆணும் பெண்ணும் சரிபாதி என்று நிற்கிற அர்த்தநாரீசுவரர் கோயில் அது. 2022இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அவர்களில் எட்டுப் பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது, இருவரின் தண்டனையை ஐந்து ஆண்டாகக் குறைத்தது. அவர் திருமணம்கூடச் செய்யவில்லை, பேசினார், அவ்வளவுதான்.

கோயில் வாசலிலும் இதே கதை. சேலம் மாவட்டம் தீவட்டிப்பட்டியில் மாரியம்மன் கோயிலில் வழிபடும் உரிமை கேட்டதையொட்டி 2024 மே மாதம் வன்முறை வெடித்தது. பதவி நாற்காலி கிடைத்த பின்னும் கோயில் படியும் மணவறையும் நமக்கு மூடியே இருக்கின்றன. அம்பேத்கர் ரோமைக் காட்டி எச்சரித்தது இதைத்தான்.

கொங்குக் காட்டில் மோட்டார் வருவதற்கு முன் கவலை இறைத்துத்தான் விவசாயம் நடந்தது. அதற்கான தோல் பையைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். அந்தக் கை நின்றிருந்தால் கிணற்றுத் தண்ணீர் வயலுக்கு ஏறியிருக்காது. பிளீபியர்கள் குன்றில் போய் உட்கார்ந்தபோது ரோமுக்குப் புரிந்தது அதுதான்: உழைக்கிறவன் இல்லாமல் ஊர் இல்லை.

இன்றைக்கு நாம் கேட்பது புதிதல்ல. ஆணவக் கொலைக்கு எதிராகக் கறாரான தனிச்சட்டம், அதைத் தயங்காமல் நடைமுறைப்படுத்தும் காவல்துறை, எல்லோருக்கும் திறந்த கோயில். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ரோம் தன் மணத்தடையை நீக்கிவிட்டது. அவர்கள் காசைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பெருமைப்படுகிறவர்கள், அந்தச் சட்டத்தையும் ஒருமுறை படிக்கட்டும்.