கிரயப் பத்திரம் எழுத மறுத்த தையற்காரர்: ஜான் வுல்மன்

பதினெட்டாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் வாழ்ந்த குவேக்கர்கள், அதாவது நண்பர்கள் சங்கம் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், குருமாரையும் போரையும் மறுத்து, ஒவ்வொரு மனித உள்ளத்திலும் இறையொளி குடிகொண்டிருப்பதாக நம்பினர்; ஆயினும் அவர்களுள் வசதி படைத்த பலர் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்து வேலை வாங்கிவந்தனர். ஜெர்மன்டவுன் ஊரினர் சிலர் 1688இல் எழுதிய கண்டன மனுவைச் சங்கத்தின் மேலவைகள் ஒதுக்கிவைத்தன. அடிமை உடைமையாளர்களைக் கூட்டங்களிலேயே கடிந்து பேசிய பெஞ்சமின் லே 1738இல் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார்.

1720இல் நியூ ஜெர்சியின் வேளாண் குடும்பமொன்றில் பிறந்த ஜான் வுல்மன், இருபத்தொன்றாம் வயதில் மவுன்ட் ஹாலி ஊரின் கடையொன்றில் கணக்கெழுதச் சேர்ந்தார். கறுப்பினப் பெண் ஒருத்தியை விற்றிருந்த முதலாளி, அதற்கான கிரயப் பத்திரத்தை எழுதும்படி திடீரெனப் பணித்தபோது, வாங்கியவரும் சங்கத்தைச் சேர்ந்த முதியவராக இருந்ததால் வுல்மன் மனமின்றியே எழுதிக்கொடுத்தார். எனினும் அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ நெறிக்கு ஒவ்வாதது என்று இருவர் முன்னிலையிலும் சொன்னார். சொன்னதோடு மனம் ஆறவில்லை. அடுத்து வேறொருவர் அத்தகைய பத்திரம் கேட்டு வந்தபோது எழுத மறுத்தார். ஊராருக்கு உயில் எழுதித் தந்த காலத்திலும், அடிமைகளை வாரிசுகளுக்குச் சேர்க்கும் வாசகத்தை எழுத அவர் உடன்படவில்லை. அதனால் கூலியையும் பெரியவர்களின் நல்லெண்ணத்தையும் இழக்க நேரும் என்பதை அறிந்தே அவ்வாறு செய்தார்.

தையல் கற்றுத் தனிக்கடை வைத்த வுல்மன், துணிகளும் தையலுக்கு வேண்டிய சில்லறைப் பொருள்களும் விற்றார். வணிகம் பெருகப் பெருக அது மனத்துக்குச் சுமையாவதை உணர்ந்து, 1756இல் விற்பனையைக் கைவிட்டுத் தையலையும் ஆப்பிள் நாற்றங்காலையும் மட்டும் வைத்துக்கொண்டார். தேவைக்கு மீறிய செல்வ ஆசையே பிறர் உழைப்பைப் பறிக்கத் தூண்டுகிறது என்பது அவரது உறுதியான முடிவு. 1746இல் தென் மாகாணங்களில் பயணம் செய்து அடிமைகளின் நிலையைக் கண்டபின் எழுதிய கட்டுரை 1754இல் நூலாக வெளிவந்தது. 1757இல் மீண்டும் தெற்கே சென்றபோது, அடிமைகளின் உழைப்பில் விளைந்த விருந்தை இலவசமாக உண்பதும் அந்தக் கொடுமையில் பங்குகொள்வதே எனக் கருதி, தங்கிய வீடுகளில் வெள்ளி நாணயங்களைக் கொடுத்து, அவற்றை அங்கு உழைத்த கறுப்பின மக்களுக்கு வழங்கச் செய்தார். மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையையும் பின்னர் தவிர்த்தார்.

பிறரிடம் காட்டிய கண்டிப்பைத் தம்மிடமும் காட்டினார் என்பதற்கு அவர் நாட்குறிப்பில் பதிவாகியுள்ள ஒரு கணக்கே போதும். முன்னொரு காலத்தில், இறந்தவர் ஒருவரின் உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர் இருவருள் ஒருவராக, கறுப்பினச் சிறுவன் ஒருவனை முப்பது வயதுவரை உழைக்கும்படி விற்பதற்கு வுல்மன் உடன்பட்டிருந்தார். சொந்தப் பிள்ளைகள் இருபத்தொரு வயதில் விடுபடும் வழக்கத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்பது ஆண்டு மிகுதி. ஆண்டுகள் பல கழிந்தபின், பொறுப்பாளர் இருவருள் தம் பங்கு பாதி எனக் கொண்டு, இறுதி நாலரை ஆண்டுகளுக்கு உரிய தொகையை வாங்கியவருக்குத் தாமே செலுத்தி அந்த இளைஞனை மீட்பதாகக் கடப்பாட்டுப் பத்திரம் எழுதினார். வருத்தம் தெரிவிப்பதோடு நில்லாமல், பறித்த உழைப்பை ஆண்டுக் கணக்கில் அளந்து ஈடுசெய்ய முயன்ற இச்செயல், அவர் எழுதிய எந்த வாதத்தையும்விட வலிமையானது.

1758இல் பிலடெல்பியா ஆண்டுப் பேரவையில், அதாவது வட்டாரச் சங்கங்கள் அனைத்தும் கூடி வாக்கெடுப்பின்றி ஒருமனப்பட்டு முடிவெடுக்கும் அவையில், காலம் தாழ்த்தலாம் என்றோரை மறுத்து வுல்மன் பேசினார். அடிமைகளை வாங்குவோரையும் விற்போரையும் சங்க நிர்வாகத்திலிருந்து விலக்கவும், அடிமை உடைமையாளர்களை வீடுதோறும் சென்று சந்திக்கவும் அவை தீர்மானித்தது; அப்பணிக்கு அமர்த்தப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். வசையின்றி, ஆனால் விட்டுக்கொடுக்காமல், வீட்டுக்காரரின் எதிரே அமர்ந்து பேசுவதே அவர் கையாண்ட முறை. லே இடிமுழக்கமாய்ப் பேசித் திறக்காத கதவுகள் சில இவருக்குத் திறந்தன.

1772இல் கப்பலின் மாலுமிகள் தங்கும் கீழ்த்தளத்திலேயே பயணம் செய்து இங்கிலாந்து சென்ற வுல்மன், குதிரைகளும் வண்டியோட்டும் சிறுவர்களும் படும் துன்பத்தைக் கேட்டு விரைவு வண்டிகளைத் தவிர்த்து யார்க் நகர்வரை நடந்தே போய், அங்கு அக்டோபர் 7 அன்று பெரியம்மையால் இறந்தார். அவரது நாட்குறிப்பு 1774இல் அச்சேறியது. 1776இல் பிலடெல்பியா ஆண்டுப் பேரவை, அடிமைகளை விடுவிக்க மறுக்கும் உறுப்பினர்களைச் சங்கத்திலிருந்தே நீக்குவதென முடிவுசெய்தது. ஆனால் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுள் சங்கத்தில் உறுப்பினராக விரும்பியோர் அதன்பின்னும் தயக்கத்தையும் தனி இருக்கைகளையுமே எதிர்கொண்டனர்.